காது எட்டும் வயது

நாலு மணி பஸ் போன பின்
சைக்கிளைச் சாய்த்துவிட்டு மூன்று பையன்கள் உள்ளே வந்தார்கள்.
முக்கூடல் பஜாரில் என் இ-சேவை மையம்
ஒரு ஜெராக்ஸ் மிஷினும் ஒரு மின்விசிறியும் கொள்ளும் அகலம்.
"எக்கா, பதினாறுக்குக் கீழ உள்ளவனுக்கு
இன்ஸ்டா கெடையாதுன்னு சட்டம் போடப் போறாவளாம்லா.
ஆதார்ல ஒரு ரெண்டு வருசத்தக் கூட்டி உடுங்க."
கையில் ஐம்பது ரூபாய். மூன்று பேருக்கும் சேர்த்து.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில்,
ஆற்றில் வெள்ளம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத ராத்திரி.
சர்டிபிகேட்டில் ஜூன் ஒன்று.
என் வகுப்பில் முப்பத்தோரு பேர் ஜூன் ஒன்றில்தான் பிறந்தோம்.
ஹெட்மாஸ்டர் பார்த்தது ஒன்றே ஒன்று:
வலது கை தலைக்கு மேலாகப் போய்
இடது காதைத் தொடுகிறதா.
தொட்டால் ஐந்து வயது.
எனக்கு ஒரு விரற்கடை குறைந்தது.
அப்பா என் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.
அரசாங்கத்துக்கு நான் சொன்ன முதல் பொய் அது,
வாயைத் திறக்காமலே.

இந்த மூவரில் நடுவில் நிற்பவனை எனக்குத் தெரியும்.
இசக்கிதுரை. எட்டாம் வகுப்பில்
மணிக்கட்டுக் கயிற்றைப் பள்ளிக்கூடத்தில் அறுத்தார்கள்.
அறுத்த கயிறு போனுக்குள் போய் நீண்டது.
அம்மா வாழைத்தார் வெட்டும் அரிவாளை
அவள் குளிக்கப் போன நேரம் எடுத்து,
பின்னால் பாட்டு ஓட, பதினோரு விநாடி.
இருநூற்றுப் பன்னிரண்டு இதயம்.
அடியில் வேறு தெருப் பையன் ஒருவன்
ஒரே ஒரு சொல் எழுதினான்.
மறுநாள் பஸ்ஸில், டிபன் பாக்ஸால்,
காதுக்கு மேலே ஏழு தையல்.
எட்டிவிட்டது கை.
அடுத்தவன் காதை.

அன்றைக்குக் கேட்டிருந்தால்
போடுங்கள் சட்டத்தை, முடிந்தால்
டவரையும் சாய்த்துவிடுங்கள் என்றிருப்பேன்.

ஆனால் போன தையில்
ஒரு தாய்மாமன் இதே பெஞ்சில் உட்கார்ந்து
இதே வேலையைத்தான் கேட்டார்.
உலகேஸ்வரிக்கு மூன்று வருசம் கூட்ட வேண்டும்.
"கல்யாணத்துக்கெல்லாம் இல்ல, சும்மா ஒரு ரிக்கார்டுக்கு."
அவர் கையில் ஐயாயிரம்.
முடியாது என்றேன். வேறு யாரோ முடியும் என்றிருப்பார்கள்.
பதினெட்டு என்று ஒரு சட்டம் இருக்கத்தான் செய்தது.
அது மண்டபத்தில் மொய் எழுதக் காத்திருந்தது.
பதினைந்து வயதுக்காரி
ராத்திரி போர்வைக்குள், அண்ணன் போனில்,
முகம் இல்லாத பொய்க் கணக்கு ஒன்றிலிருந்து
முன்பின் தெரியாத யாருக்கோ
நாலு வரி அனுப்பினாள். எழுத்துப் பிழை நிறைய.
விடிவதற்குள் ஜீப் வந்தது.
வருகிற மார்ச்சில் பத்தாவது எழுதுகிறாள்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.
எதிர் டீக்கடை டிவியில் நாலு பேர்
தெரிந்த மாதிரிப் பேசுகிறார்கள்.

ஒன்று மட்டும் தோன்றுகிறது.
என் காலத்திலிருந்து பிள்ளைகள் கையைத்தான் அளக்கிறோம்.
அந்தக் கம்பெனியை ஒரு நாள் கூப்பிட்டு நிறுத்தி
காதைத் தொடச் சொன்னால் என்ன?
கடல் தாண்டி, பொதிகை தாண்டி,
போர்வை தாண்டி வருகிற அந்தக் கை
எதுவரை எட்டுகிறது என்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"எக்கா, என்ன யோசிக்கிய? முடியுமா முடியாதா?"
சர்வர் இல்லை என்றேன்.
இந்த ஜில்லாவில் மறுபேச்சில்லாமல் நம்பப்படும் ஒரே வாக்கியம்.
இரண்டு சைக்கிள் கிளம்பியது.

இசக்கிதுரை நின்றான்.
ஐம்பது ரூபாயை நாலாக மடித்து, எட்டாக மடித்து,
"அந்தப் பய என்னய பிளாக் பண்ணிட்டான் எக்கா.
சாரின்னு அனுப்பணும்னா
வேற ஐடி வேணும்லா."

நிஜமா என்று முகத்தைப் பார்த்தேன்.
மீசை இன்னும் வரவில்லை.
இவன் தெருவுக்கும் அவன் தெருவுக்கும் நடுவில்
ஒரு ரேஷன் கடை, ஒரு கால்வாய்.
நடந்தால் ஆறு நிமிடம்.
அந்த வழியாக இவன் நடக்க முடியாது என்பது
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.