கீழே கிடப்பவன்

பவுன்ராஜைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்று
செக்கானூரணி எடைமேடைக்கே தேடி வந்தார்கள்.
மூன்று பேர், ஒரு காமிரா, குடை மாதிரி ஒரு விளக்கு.
வைக்கோல் லாரி ஒன்று மேடையில் நின்றது.
எட்டாயிரத்து நானூற்று இருபது என்று
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
உட்காருங்கள் என்றேன்.
இருந்தது ஒரே நாற்காலி. அதில் என்னை உட்கார வைத்தார்கள்.

இரண்டு மணி நேரம் பேசினேன்.
எண்பத்தாறு. தமுக்கம். அறுபத்தெட்டுக் கிலோ பிரிவு.
முந்தின நாள் அறுநூறு கிராம் கூடுதலாக இருந்தேன்.
கம்பளி போர்த்திக்கொண்டு
உச்சி வெயிலில் தெப்பக்குளத்தை ஒன்பது சுற்று ஓடியது,
நாக்கு ஒட்டிக்கொள்ளும்வரை துப்பித் தீர்த்தது,
கடைசியில் மொட்டை போட்டுக்கொண்டது,
கேட்டவர்களிடம் திருப்பரங்குன்றத்து வேண்டுதல் என்றது
எல்லாம் சொன்னேன்.

அவனுடைய இடது சுண்டுவிரலைச் சொல்லவில்லை.

பிடித்ததும் தெரிந்துவிட்டது,
அது ஏற்கெனவே முறிந்த விரல்.
தோலுக்குள் தனியாக ஆடியது, கழன்ற கதவுத் தாழ் போல.
அவன் கத்தவில்லை.
என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.
நான் விட்டேன்.
அல்லது வியர்வையில் வழுக்கியது.
முப்பத்தெட்டு வருஷமாக
லாரி வராத ராத்திரிகளில்
இதில் எது என்று நிறுத்துப் பார்க்கிறேன்.
சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்.
எனக்கு ஒட்டியது.
முதலில் குப்புற, அப்புறம் மல்லாக்க.
மூன்று நாள் மூக்குக்குள்
நல்லெண்ணெய் கலந்த கோதா மண்.

படத்தை கே.கே. நகரில் ஒரு குளிர் அரங்கில் போட்டார்கள்.
மகள் ராக்கேஸ்வரி அவள் சம்பளத்தில்
எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்திருந்தாள்.
யானைமலைக்கு மேலே பறந்து போகிறது காமிரா.
வயலின் அழுகிறது.
பவுன்ராஜ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கீரை ஆய்கிறான்,
சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறான்,
பதக்கங்களை அரிசி டின்னிலிருந்து எடுத்துக் காட்டுகிறான்.
பிறகு அந்தப் பழைய செய்தித்தாள் படம்.
மேலே இருப்பவனைச் சுற்றி வட்டம்.
கீழே கிடப்பவனுக்கு
ஒரு முதுகு, ஒரு மொட்டைத்தலை.
'அது நீங்களாப்பா?' என்றாள்.
தலை எனதுதான் என்றேன்.

நாற்பது விநாடி வந்தேன்.
மொட்டை போட்ட கதை மட்டும்.
சனம் சிரித்தது.
பெயருக்கு முதல் எழுத்தை
ஒகரமா ஓகாரமா என்று யாரும் கேட்கவில்லை,
ஓச்சப்பன் என்று நீட்டிவிட்டார்கள்.

அப்புறம் அவனிடம் கேட்கிறாள், படம் எடுத்த பெண்,
'அந்த விரல் ஏன் வளைஞ்சிருக்கு?'
பவுன்ராஜ் கீரைக்கட்டைப் பார்க்கிறான்.
தண்டைக் கிள்ளுகிறான்.
'சின்ன வயசுல
வண்டிச் சக்கரத்துல மாட்டுனது' என்கிறான்.

இருட்டில் நான் சிரித்துவிட்டேன்,
யாரும் சிரிக்காத இடத்தில்.
முன்வரிசையில், சக்கர நாற்காலியில்
ஒரு தலை கொஞ்சம் திரும்பியது.
முழுக்கத் திரும்பவில்லை.

முடிந்ததும் அவனைச் சுற்றிக் கூட்டம், சால்வை, செல்பி.
உசிலம்பட்டிக் கடைசி பஸ் பத்தேகாலுக்கு.
போய் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றாள் மகள்.
பஸ்ஸைப் பிடித்தோம்.

எடைமேடையில் ராத்திரி முறை எனக்கு.
யாருமில்லை.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
லாரி நிற்கிற இடத்தின் நடுவில் போய் நின்றேன்,
புதுச் சட்டையோடு.
எண்பது காட்டியது.
பத்துப் பத்தாகத்தான் அதற்குத் தெரியும்.
அறுநூறு கிராமெல்லாம்
அதற்குக் கணக்கே இல்லை.