கடைகளில் கிடைக்கும்

மாதம் பிறந்து ஆறாம் நாளோ ஏழாம் நாளோ
பாம்பன் பேருந்து நிறுத்தத்துக் கடையில்
சமையல் புத்தகம் வந்து தொங்கும்.
ஆளுக்கு அஞ்சு ரூபாய், ஆறு பேர்.
இந்த மாதம் வாங்கும் முறை ரெஜினாமேரிக்கு,
முதலில் படிக்கும் முறை எனக்கு.

அட்டையில் எப்போதும் போல ஒரு பெண்.
வேர்க்காத நெற்றி.
கையில் கரண்டி, கரண்டியில் எதுவும் இல்லை.
அவளைக் கேலி செய்து முடிப்பதற்குள்
வத்தை பாதிக் கடல் போயிருக்கும்.

பாசி எடுக்கப் போகிற வத்தையில்
எழுத்து நனையாமல் படிப்பது தனி வித்தை.
பாலித்தீன் பைக்குள் புத்தகம்;
பைக்குள் வைத்துப் பக்கம் புரட்ட முடியாது.
அதனால் நாளுக்கு இரண்டு பக்கம்தான்,
விரித்து வைத்தது விரித்தபடி.
திரும்பி வருகையில் உப்பு,
யாருக்கும் கண் தெரியாது.

போன வாரம் எனக்கு வாய்த்தது
பனீரில் ஒன்று, பேபிகார்னில் ஒன்று.
இரண்டையும் போட்டோவில் பார்த்ததோடு சரி.
அதனால் என்ன,
முங்கிக் கல்லில் ஒட்டிய பாசியைப் பிய்க்கையில்
மூச்சை எண்ண வேண்டுமே, எண்ணினேன்:
வெங்காயம் இரண்டு, தக்காளி மூன்று,
இஞ்சி ஒரு துண்டு, பட்டை, கிராம்பு
பிரிஞ்சி இலைக்கு மேல் தாங்கவில்லை,
மேலே வந்துவிட்டேன்.

நான்கு பேருக்கு என்று போட்டிருக்கும்.
எங்கள் வீட்டில் ஏழு.
மிச்ச மூன்று பேருக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

எனக்குப் பிடித்தது பலகாரம்கூட இல்லை.
வதக்கவும். கிளறவும். மூடி வைக்கவும்.
ஐந்து நிமிடம் ஆறவிடவும்.
என்னிடம் இப்படி யார் பேசுகிறார்கள்?
வீட்டில் 'போடு'.
கமிஷன் கடையில் 'கொட்டு'.
தீவுப் பக்கம் போனால் வனத்துறையில் 'ஏய், இறங்கு'.
பொன்னிறமாகும் வரை காத்திருக்கவும் என்று
என்னிடம் சொல்ல இருக்கிற ஒரே ஆள்
விலை முப்பது ரூபாய்.

அப்புறம் கடைசிப் பக்கத்துப் பெண்கள்,
வாசகியர் குறிப்பு எழுதுகிறவர்கள்.
அரியலூர் வேதவல்லி முட்டைக்கோஸை விடமாட்டாள்.
ஒசூர் தில்ஷாத்துக்கு
எதிலும் ஒரு சிட்டிகை சர்க்கரை வேண்டும்.
மூன்று மாதமாக வேதவல்லியைக் காணோம்.
உடம்புக்கு முடியவில்லையோ
என்று கரைக்கு வரும்வரை பேசிக்கொண்டோம்.

இந்த மாதம் நடுப்பக்கம் முழுக்க ரோஸ் நிறம்.
நோன்பு ஸ்பெஷல், இளநீர் கடற்பாசி.
தேவையான பொருட்கள்:
கடற்பாசி பத்து கிராம்,
பக்கத்திலேயே சின்ன எழுத்தில்
பெரிய மளிகைக் கடைகளில் கிடைக்கும்.

சத்தமாகத்தான் வாசித்தேன்.
செபஸ்தியம்மா இன்ஜினை அணைக்கச் சொன்னாள்.
'திரும்ப வாசி.'
வாசித்தேன்.
'கிடைக்கும்' என்ற இடத்தில் தொடங்கிய சிரிப்பு
வத்தையை ஒரு பக்கம் சாய்த்துவிட்டது.
துணி சுற்றிய விரல்களால்
கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

அடங்கிய பிறகு பெர்னத்து கேட்டாள்,
'அது நம்ம மரிக்கொழுந்துப் பாசிதானா?'
காயவைத்து, எடைபோட்டு,
லாரி திரும்புகிற முக்கு வரைதான்
எங்களுக்குத் தெரியும்.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு கடையில்
பாக்கெட் தொண்ணூறு ரூபாய். வாங்கினேன்.
வெள்ளை வெளேரென்று, காய்ந்த நரம்பு போல.
முகர்ந்தேன்.
கடல் இல்லை.

கொதிக்க விடவும் என்றார்கள், விட்டேன்.
கரையும்வரை கிளறவும், கிளறினேன்.
இளநீர் பக்கத்து வீட்டுக் கடன்.
கிண்ணத்தைக் கவிழ்த்ததும்
தட்டில் அதிர்ந்து, அப்புறம் நின்றது
போட்டோவில் இருந்த மாதிரியே.
அட்டைப் பெண்ணை அப்போது கொஞ்சம் மன்னித்தேன்.
சின்னவன் விரலால் குத்திப் பார்த்து
'சொறி மீன்' என்றான்,
என்றாலும் இரண்டு துண்டு தின்றான்.

நேற்று ராத்திரி
கடைசிப் பக்கத்துக்கு ஒரு கார்டு எழுதினேன்.
கஞ்சிப்பாசிக் கஞ்சி, ஏழு பேருக்கு.
கழுவவும். மறுபடி கழுவவும்.
மணல் போகாது, போகும்வரை கழுவவும்.
தேவையான பொருட்களில் முதல் வரி
கஞ்சிப்பாசி, இரண்டு கைப்பிடி.
பக்கத்தில் சின்ன எழுத்தில்
கடைகளில் கிடைக்காது,
பாம்பன் வரவும்.

தபால் செலவு பெர்னத்து முறை.