முகப்புத் தோற்றம்

கோப்பில் ஏழாம் பத்தி:
‘மீன் ஏலக்கூடத்தின் முகப்பு
நம் மண்ணின் பண்பாட்டைப் பறைசாற்ற வேண்டும்.’
பறைசாற்ற எத்தனை அடி ஒதுக்கலாம் என்று
எழுதியிருக்கவில்லை.
ராமநாதபுரம் அலுவலகத்தில் வரைவாளர் நான் ஒருத்திதான்.
ஓடாத மின்விசிறிக்கு நேர்கீழே என் கணினி.

முதலில் ஒரு கோபுரம் வைத்தேன், மூன்று நிலை.
உதவிப் பொறியாளர் பார்த்துவிட்டு
பக்கத்தில் ஒரு கும்மட்டம் போடச் சொன்னார்.
கும்மட்டம் வந்த பிறகு
சிலுவை இல்லாமல் மூக்கையூர்க்காரர்கள் விடமாட்டார்கள் என்றார்.
மூன்றும் நின்றன,
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல
ஒன்றையொன்று பார்க்காமல்.
நடுவில் கொஞ்சம் இடம் மிச்சம்.
பாம்பன் பாலத்தைப் போடுங்களேன் என்றான்
டீ கொண்டுவந்தவன்.
போட்டேன்.

சனிக்கிழமை கீழக்கரைக்குப் போனேன்.
வெளிமண்டபம் வரைக்கும் வரலாம் என்றார்
பழைய பள்ளிவாசலின் மோதினார்.
தூண், போதிகை,
போதிகை நுனியில் தலைகீழாகத் தொங்கும் பூமுனை:
ராமேசுவரத்துப் பிரகாரத்தில் பார்த்த அதே கை.
யாளி எழும்ப வேண்டிய இடத்தில் மட்டும்
உளி கொஞ்சம் நின்று யோசித்து
ஒரு கொடியாக இறங்கியிருந்தது.
எதையும் பறைசாற்றியதாகத் தெரியவில்லை.
கைக்குத் தெரிந்ததைச் செய்திருந்தார்கள்,
கேட்டவர் வேண்டாம் என்றதை விட்டிருந்தார்கள்.
விட்ட இடத்தில் விரல் வைத்தேன்.
நண்பகலிலும் குளிர்ந்திருந்தது.

தெருமுனையில் இடிந்த பண்டகசாலைச் சுவரில்
பவளப்பாறை பல்லைக் காட்டியது.
கடலை வெட்டி வீடு கட்டிய காலம்.
இன்று ஒரு துண்டு எடுத்தாலும் வழக்கு.

ஏர்வாடி தாண்டிக் கரையில்
நாகூர்மீரா படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.
அரசு சொன்ன நிறம், அரசு சொன்ன எண்,
முழ உயரத்தில் எழுத்து.
‘நடுக்கடல்ல எம் மூஞ்சி யாருக்குத் தெரியும்?
தூரத்திலேருந்து இந்தக் கலரைத்தான் பாக்குறான்.
நாடு இந்தா, இந்த டப்பாவுலதான் இருக்கு.
நாலு லிட்டரு.’
சுரண்டிய பலகையில் பழைய அடுக்குகள் தெரிந்தன:
நீலம், அதற்கடியில் காவி,
எல்லாவற்றுக்கும் அடியில்
எவர் ஆசைப்பட்டதோ, ஒரு கத்தரிப்பூ.

கித்தேரியம்மாள் என் வரைபடத்தைக்
கருவாட்டுக் கூடைமேல் விரித்தாள்.
கோபுரம், கும்மட்டம், சிலுவை, பாலம்,
நான்கையும் நிற்காமல் கடந்து போனது விரல்.
‘வாச எங்கிட்டு பாக்குது?’
தென்மேற்கு, சாலையைப் பார்த்து.
‘ஆனியில கச்சான் வீசையில
மண்ணு மீனுக்கா, எங்க வாய்க்கா?’

அன்றிரவு எல்லாவற்றையும் அழித்தேன்.
சாலைப் பக்கம் சுண்ணாம்பு பூசிய ஒற்றைச் சுவர்,
சன்னல் கிடையாது.
வாசல் கொண்டல் பக்கம். கூரை தாழ.
ரத்தத் தண்ணீர் தானாக ஓட
தரைக்குச் சரிவு ஐம்பதுக்கு ஒன்று.
ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு:
இக்கட்டடத்தின் முகப்பு அதன் முதுகு.

‘பண்பாடு எங்கே?’ என்று சிவப்பு மையில் திரும்பியது.
இருமுறை திரும்பியது.
நிதியாண்டு முடிய மூன்று நாள் இருக்கையில்
கையெழுத்து விழுந்தது.

திறப்பு விழாவுக்கு
வெற்றுச் சுவரை மறைத்து நாற்பதடி ஃபிளெக்ஸ்:
என் கோபுரம், என் கும்மட்டம், என் சிலுவை, என் பாலம்,
பின்னால் ஒரு சூரியோதயம்.
அது நான் வரைந்ததல்ல.
ஆனி பிறந்த வாரம்
கச்சான் வந்து ஒரே இரவில் அவிழ்த்துவிட்டது.

இப்போது மணலில் கிடக்கிறது, நாலு மூலையிலும் கல்.
இரண்டாம் நிலை முழுக்க நெத்திலி காய்கிறது,
பாலத்தின்மேல் காரல்.
சூரியோதயத்தை மட்டும் கத்தரித்து
தராசுக்கு மேலே நிழல் கட்டியிருந்தாள் கித்தேரியம்மாள்.
‘நல்ல கனமான சீலை,’ என்றாள்,
‘அடுத்த விழா எப்ப?’