ஒன்னு

பெரும்பாவூருக்கு வந்த மாதம்
கைப்பேசியைப் பார்த்து
மனப்பாடம் செய்த முதல் சொல் 'தயவாயி'.
பேருந்தில் அதைச் சொல்லி வழி கேட்டேன்.
பள்ளிக்கூடப் பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள்.
வானொலிச் செய்தி தவிர
யாரும் இங்கே அப்படிப் பேசுவதில்லையாம்.

"ஒன்னு நீங்ஙாமோ, அவ்வளவுதான்" என்றான்
மீன்கூடையோடு நின்ற பௌலோஸ்.
ஒன்னு என்றால் ஒன்று.
ஆனால் எதையும் எண்ணாத ஒன்று.
எந்த வினைக்கு முன்னால் வைத்தாலும்
அதன் முனையை மழுக்கிவிடும்.

ஒன்னு நோக்கூ. ஒன்னு பிடிக்காமோ.
பிளைவுட் கம்பெனியில்
ரப்பர் மரம் சீவும் எந்திர இரைச்சலில்
உதடசைத்துப் பழகினேன்.
நன்றி சொன்னால் இங்கே கூச்சப்படுகிறார்கள்.
டம்ளரைத் திருப்பித் தருகையில்
தலையை லேசாகச் சாய்த்தால் கணக்குத் தீர்ந்தது.
கிளம்பும்போது போகிறேன் என்பதில்லை,
'வரட்டே' என்று கேட்க வேண்டும், போவதற்கு.
அது மட்டும் சுலபமாக வந்தது.
முர்ஷிதாபாத்திலும் 'ஆஷி' என்போம்,
வருகிறேன் என்று.
சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினேன்.
நாலு வருடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
இடக்கைச் சுண்டுவிரல் எந்திரத்தோடு போயிற்று.
முதலாளி தன் துண்டையே கிழித்துச் சுற்றினார்.
"சாரமில்ல" என்றார்.
பரவாயில்லை என்று அர்த்தம்.
"ஒன்னல்லே போயுள்ளூ."
ஒன்றுதானே போயிருக்கிறது.

இந்த ஒன்று எண்ணுகிற ஒன்று.

சாரமில்ல நானும் படித்த சொல்தான்.
மிதிபட்டவன் மிதித்தவனிடம் சொல்ல வேண்டியது.
எதிர்த்திசையில் வரும்போது
அதற்கு என்ன பெயர் என்று
எந்தப் பாடத்திலும் இல்லை.

தொழிலாளர் அலுவலகத்தில்
மேசைக்கு எட்டவே நின்றேன், படிவத்தோடு.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கிளார்க்
"இரிக்கூ" என்றாள்.
பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.
பாடத்தில் மூன்றாவதாக இருந்த சொல்,
என்னை நோக்கி வந்தது அன்றுதான்.
நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
ஆடிக்கொண்டே உட்கார்ந்தேன்.

பெயர் கேட்டாள்.
மொஃபிஜுல் என்றேன்.
முஜிபுல் என்று எழுதினாள்.

சாரமில்ல,
நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பழக்கதோஷம்.
விழுங்கினேன்.

"சேச்சி, ஒன்னு திருத்தாமோ?"