இருநூற்றுப் பதினான்கு தப்படி

தேவாலய வாசலிலிருந்து எங்கள் கடை வரை
வெண்டல் நடந்தே அளந்தார்.
இருநூற்றுப் பதினான்கு தப்படி.
சட்டம் கேட்பது இருநூறு மீட்டர்.
தப்படி ஒன்றுக்கு மீட்டர் ஒன்று என்பது
குட்டைக் கால்காரரான அவர் கணக்கு.
மறுநாள் என்னை நடக்கவிட்டார்.
நூற்று எழுபத்தொன்பது.
"உன் கால் சரியில்லை" என்றார்.
நோட்டில் தன் எண்ணை எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.

வாசலிலிருந்தா, பலிபீடத்திலிருந்தா?
காக்கை பறக்கும் வழியா, டிராம் வளையும் வழியா?
செகெட் நகரில் யாரைக் கேட்டாலும்
தோளைக் குலுக்குகிறார்கள்.
விற்கலாம் என்று வைத்துக்கொண்டோம்.
ஆனால் உறை போட்டு.
குழந்தை புரட்ட முடியாத உறை.

ஆகவே வியாழக்கிழமைகளில்
பின்னறையில் எனக்கு இதுதான் வேலை.
பிளாஸ்டிக் சுருளை வெட்டி
நடுவில் புத்தகத்தைக் கிடத்தி
முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டுவேன்.
அது சுருங்கிச் சுளித்து
அட்டையைக் கவ்விக்கொள்ளும்.
எதிர்க்கடையில் சலாமிக்கும் இதையேதான் செய்கிறார்கள்,
கெட்டுப்போகாமல் இருக்க.

இத்தனையும் ஒரு பல்லுக்காக.
கதை அவ்வளவுதான், சத்தியமாக.
இபோல்யாவுக்குக் கீழ்ப்பல் ஆடுகிறது.
ஆப்பிளைக் கடிக்கிறாள், விழவில்லை.
நூல் கட்டிக் கதவோடு இழுக்கிறாள்,
கதவு கழன்று வருகிறது.
பன்னிரண்டாம் பக்கம்
பல் மருத்துவரின் காத்திருப்பு அறை.
இடப்பக்கம் டிராம் ஓட்டும் அப்பா.
வலப்பக்கம் ரொட்டி சுடும் அப்பா.
அவளைவிட இருவர் முகமும்தான் வெளிறியிருக்கிறது.
அதைப் பற்றிக் கதையில் ஒரு வரி கிடையாது.
பல்லைப் பற்றி நான்கு வரி.

கின்ச்சோ வந்தாள், ஆறரை வயது.
அம்மா நாட்காட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
"இதுக்கு மட்டும் ஏன் மழைக்கோட்டு?"
நான் மேசையைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே.
"அது பெரியவங்களுக்கான புத்தகம்."
அட்டையில் வாய் பிளந்து நிற்கும் இபோல்யாவைப் பார்த்தாள்.
தன் வாயையும் பிளந்து
முன்னால் இருந்த இரண்டு ஓட்டைகளைக் காட்டினாள்.
"பெரியவங்களுக்கும் பல்லு விழுமா?"

அவள் அம்மா திரும்பினாள்.
புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கண்ணாடிக்கு அப்பால் கோபுரம் இருந்த திசையையும்.
பிறகு நாட்காட்டிக்கு மட்டும் பணம் கொடுத்தாள்,
பூனைகள் போட்டது.

கடை மூடும்போதுதான் கண்டேன்.
இபோல்யாவின் பொக்கைப் பல் இருக்கும் இடத்தில்
பிளாஸ்டிக்கில் ஒரு துளை,
சுண்டு விரல் அளவு.

கிழிந்த உறை அலமாரியில் இருக்கக் கூடாது.
மீண்டும் சூடு காட்டியிருக்கலாம்.
பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கீழே தபால் பெட்டியில்
பிரோஷ்காவின் பெயர் மட்டும் இருக்கிறது.
வீட்டுக்காரருக்கு நான்
அவளுடைய சித்தி மகள், ஒன்பது வருடமாக.
துளையில் விரல் விட்டு உறையை உரித்தாள்,
வேகவைத்த உருளைக்கிழங்கை உரிப்பதுபோல.
சத்தமாக வாசித்தாள்.
கதவு கழன்ற இடத்தில் சிரிப்பு தாளாமல்
என் முழங்காலில் அடித்தாள்.
பன்னிரண்டில் நின்றாள்.
முன்னும் பின்னும் புரட்டினாள்.
"இங்கே ஒண்ணும் இல்லையே."
"ஆமாம்."
"பல்லு பிடுங்கப் போறாங்க. அவ்வளவுதானே?"
"அவ்வளவுதான்."
விளக்கை அணைக்காமல்
அந்தப் பக்கத்தையே வெகுநேரம் வைத்திருந்தாள்.
பல் எப்படி விழுந்தது என்று
இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அடுத்த வியாழன் கடை திறக்குமுன்
தேவாலய வாசலுக்குப் போய் நின்றேன்.
பனி. புறாக்கள். மணியடிக்கும் ஆள் சிகரெட்டோடு.
தப்படியைக் குறுக்கிக்கொண்டு நடந்தேன்.
இருநூற்று இரண்டு வந்தது.
கடைசி நாலைந்தில்
கொஞ்சம் ஏமாற்றினேன்.