முடிஞ்சிட்டு

அறுபத்து மூணாம் நம்பர் காற்றாலையின்
கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு மாசானம் இறங்கும்போது
பணகுடிக்கு மேற்கே வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது.
கீழே, கண்டெய்னர் அறையில் நான்.
ஆறிப்போன டீ. அட்டை கிழிந்த அகராதி.
ராத்திரி பத்துக்குள் ஸ்பெயினுக்குப் போகவேண்டிய
ஒரே ஒரு வரி.

வேலை முடிந்தது என்று எழுத வேண்டும்.
அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் படித்தது இயற்பியல்.
ஸ்பானிஷ், ராத்திரி ராத்திரி போர்வைக்குள்
செல்போன் வெளிச்சத்தில் படித்தது.
இருட்டில் பழகியதாலோ என்னவோ
சொற்களின் முகம் எனக்கு இன்னும் சரியாகத் தெரிவதில்லை.

தெர்மினார். எல்லைக்கல் நட்ட மாதிரி ஒரு சொல்.
இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் வெறும் தேரி.
ஒப்பந்தத்தில் பதினான்காம் பிரிவில் இருப்பது அதுதான்.
அதை எழுதினால்
பிடித்து வைத்திருக்கிற பத்து சதவீதக் கூலி கைக்கு வரும்.
அதையே எழுதினால்
விடியுமுன் கிரேன் தூத்துக்குடிக்குக் கிளம்பும்,
நாற்பத்தாறு பேருக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று இருக்காது.

கொன்க்ளுயிர், கோட்டு போட்டது.
எழுந்து நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசும்.
வேண்டாம்.

கும்ப்ளீர் எனக்குப் பிடிக்கும்.
சொன்ன வாக்கை நிறைவேற்றுவதற்கும் அதுதான்,
பிறந்தநாளன்று வயசு நிறைவதற்கும் அதுதான்.
ஆனால் ஆவுடைநாயகத்தின் வயலுக்குப்
போட்டுத் தருவதாகச் சொன்ன பாதை
இன்னும் கருவேல முள்ளுக்குள் கிடக்கிறது.
அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை கூசியது.

தையலின் கடைசியில் நூலை முடிச்சுப் போட்டு அறுப்பது
ரெமத்தார்.
குற்றுயிராய்க் கிடப்பதை அடித்துக் கொல்வதும்
ரெமத்தார்.
தீத்துக்கட்டுறது, என்று அகராதியின் ஓரத்தில்
என்றைக்கோ பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

அகாபார்தான் சனியன்.
கேன்டீனில் சாம்பார் காலியானால் இன்யாக்கி கையை விரிப்பார்:
சே அகாபோ.
இரும்பைச் சொன்னால் பெயிண்ட், மெருகு.
ஆளைச் சொன்னால் அவன் கதை அவ்வளவுதான்.
இரண்டும் எழுத்துக்கூட மாறாமல், அகாபாதோ.

சென்னை ஆபீஸிலிருந்து போன்.
"என்னம்மா, முடிஞ்சுதா?"
"முடிஞ்சிட்டு சார்."
அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு,
"முடிஞ்சிட்டு...? முடிஞ்சிட்டு என்ன?"

அவருக்கு அது பாதிச் சொல்.
சாப்பிட்டுட்டு வா, குளிச்சிட்டுப் போ என்பது போல
பின்னாலே ஏதோ வரணும்.
இந்தப் பக்கம் அதுவே முழுசு.
மழ பெஞ்சிட்டு. பால் பொங்கிட்டு. மாடு செத்துட்டு.
பின்னால் எதுவும் வராது, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.
"முடிந்துவிட்டது சார்" என்றேன்,
பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில்.

பிறகு தட்டினேன்: அகாபாமோஸ் தெ.
இப்போதுதான் நாங்கள், என்று அர்த்தம்.
அதோடு நிற்காது, ஒரு வினையைக் கேட்கும்:
இப்போதுதான் வந்தோம், இப்போதுதான் சாப்பிட்டோம்,
இப்போதுதான் தொடங்கினோம்.
தொடங்கியதைச் சொல்லக்கூட
முடிக்கிற சொல்லைக் கடன் வாங்குகிறவர்கள்.

கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
மேலே அறுபத்து மூணு
ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு நின்றது.

மாசானம் வாசலில். கையெல்லாம் கிரீஸ்.
ஹெல்மெட்டுக்குள் தூக்குவாளியை வைத்திருந்தான்.
"எழுதியாச்சாக்கா?"
பத்து சதவீதத்தைக் கேட்கிறானா, திங்கட்கிழமையையா,
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
"இன்னும் இல்ல."
ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.
"கடைசி பஸ் போயிட்டுக்கா."

நானும் இந்த ஊர்க்காரிதான்.
ஆனாலும் மிச்சத்தைச் சொல்வான் என்று
கொஞ்ச நேரம்
அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.