நானூறைத் தாண்டினால்

வார்டோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் கடையை மூடிவிடும்.
பிறகு ஜனவரி பாதியில்தான்,
வாங்கிய கடனைத் தர மனமில்லாதவன்போலத்
தலையை மட்டும் காட்டும்.

நான் திரைக்கு மோட்டார் பூட்டியது செப்டம்பரில்.
காரணம் கவித்துவமானதல்ல, மின்கட்டணம்.
தடித்த கம்பளித் திரை.
இருட்டினால் மூட வேண்டும், வெளுத்தால் திறக்க வேண்டும்;
சன்னல் மேட்டில் ஒரு ஜெரேனியம் இருக்கிறது.
எனக்கு மீன் ஆலையில் இரவு வேலை.
மூடவும் திறக்கவும் வீட்டில் வேறு ஆளில்லை.

கண்ணாடியில் தெருவைப் பார்த்து ஒட்டினேன்
பயறளவு ஒளி உணரி.
அதன் முகத்தில் நெளிநெளியாய் ஆரஞ்சுக் கோடு,
யாரோ அவசரத்தில் போட்ட கையெழுத்து.
இருட்டில் மின்சாரத்தைப் பிடிவாதமாய் மறிக்கும்,
வெளிச்சம் பட்டால் இளகும்.
எண் நானூறைத் தாண்டினால் திற.
முந்நூறுக்குக் கீழே போனால் மூடு.
இடையில் நூறு விட்டுவைத்தேன்.
மேகம் கடக்கும்போதெல்லாம் திரை
போவதா வருவதா என்று தவிக்கக் கூடாதே.

மோட்டார் தீப்பெட்டி அளவுதான்.
ஒரு சுற்றுக்கு இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு அடி,
என் சன்னலுக்குப் பதினோரு சுற்று.
அடியெண்ணி நடக்கும்.
எண்ணியதை நம்பும்.
துணி சிக்கி நின்ற இடத்தில் நின்றாலும்
வந்து சேர்ந்துவிட்டேன் என்றே சொல்லும்.
குறை சொல்ல எனக்கு அருகதையில்லை,
பதினெட்டு வருடத் திருமணத்தில்
நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு
பதிவான எண்களைத் திறந்து பார்த்தேன்.
காலை அறுபது. எழுபது.
நண்பகலின் நீலத்தில் நூற்றிப்பத்து.
திரை விலகவே வழியில்லை.
ஆனால் விடிகாலை நான்கு பத்துக்கு,
ஏறக்குறைய தினமும்,
எண்ணூற்று எழுபது.

திறந்திருக்கிறது. பிறகு மூடியிருக்கிறது.
இருபத்திரண்டு இரவு, ஆளில்லாத வீட்டில்.

பனிவாரி வண்டி!
என் வீடு தெருவின் கடைசி.
ஓட்லேய்ஃப் அங்கேதான் வண்டியைத் திருப்புவான்,
முன்னும் பின்னுமாய், பனியை ஓரம் தள்ளி,
நெற்றி விளக்கெல்லாம் என் சன்னலில்.

இதற்கு ஒரு வரி போதும்:
வெளிச்சம் ஐந்து நிமிடம் நிலைத்தால் மட்டும் நம்பு.
எழுதினேன். ஏற்றினேன்.

மறுநாள் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை.
நான்கு பத்துக்குத் திரையின் ஓரமெல்லாம் மஞ்சள்.
மோட்டார் மூச்சுவிடவில்லை.
படுத்தபடியே பெருமைப்பட்டுக்கொண்டேன்.
வண்டி திரும்பியது. ஆனால் போகவில்லை.
என்ஜின் உறுமிக்கொண்டே நின்றது.
பிறகு கதவில் தட்டல்.

புருவமெல்லாம் பனியாய் ஓட்லேய்ஃப்.
"ஒன்றுமில்லையே, குன்வோர்?
நான் வந்தால் திரையை விலக்குவாய்.
இன்றைக்கு விலக்கவில்லை."

சொன்னேன். உணரி, நானூறு, ஐந்து நிமிடம்.
கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டான்.
"அப்படியென்றால் இந்த மாதம் முழுக்க
நான் கையாட்டியது?"

"ஜெரேனியத்துக்கு."

செடியைச் சற்று நேரம் பார்த்தான்.
"அடி இலை பழுக்கிறது. தண்ணீரைக் குறை" என்றான்.
படியில் கிடந்த பனியைக் காலால் தள்ளிவிட்டுப் போனான்.

வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்டதும்
போர்வையோடு எழுந்து போய்த்
திரையைக் கையால் இழுத்தேன், ஒரு சாண்.
பல்பட்டை நறநறவென்று தாவியது.
கையாட்டினேன்.
அவன் கண்ணாடியில் பார்த்தானோ என்னவோ.

அன்றிலிருந்து மோட்டாருக்குக் கணக்குத் தப்பிவிட்டது.
மூடிவிட்டேன் என்று சத்தியம் செய்கிறது.
ஒரு சாண் திறந்திருக்கிறது.
அந்த ஒரு சாண் வழியாக
என் வீட்டுச் சூடு தெருவுக்குப் போகிறது.
இதற்கும் ஒரு வரிதான்.
பிப்ரவரியில் பார்க்கலாம்.